ஆபிரிக்க விவரணப் படங்களும் பசியின் வரலாறும்

ஆபிரிக்காவைப் பற்றி நம்மிற் பெரும்பாலார் பெற்றுள்ள அறிவு நூல்களின் வழியாக வந்ததன்று. படங்களின் வழியாக வந்தது. வயிறு புடைத்து, கைகால் மெலிந்து, கண்ணோரத்தில் ஈ மொய்க்க நிற்கும் குழந்தை ஒன்றின் உருவமே அப்படங்களுள் முதன்மையானது. வகுப்பறையில் ஆபிரிக்கா என்ற பெயரைச் சொன்ன மாத்திரத்தில் மாணவன் மனத்தில் எழுவதும் அவ்வுருவந்தான். அது பொய்யுருவம் அன்று. பஞ்சம் நிகழ்ந்தது, குழந்தைகள் மடிந்தனர். எனினும் அக்குழந்தை எந்த நாட்டினது, எந்த ஊரினது, அதன் தகப்பன் எப்பயிரை விளைத்தான், விளைந்ததை யார் என்ன விலைக்கு வாங்கினர், அவ்வருடம் அவனுடைய நிலத்துக்கு நேர்ந்தது யாது என்ற வினாக்களுக்கு அப்படம் விடை தருவதில்லை. விடை தராதது மட்டுமன்று, அத்தகைய வினாக்கள் எழவே வேண்டியதில்லை என்ற எண்ணத்தையும் அது பார்ப்பவன் உள்ளத்தில் மெல்ல ஊன்றிவிடுகின்றது. மழை பொய்த்தது, மக்கள் மடிந்தனர், அவர்களுடைய விதி அது என்று அவன் பெருமூச்செறிந்து அமைதி அடைகிறான்.

பசிக்கு ஒரு முகம் இருப்பதுபோல் ஒரு வரலாறும் உண்டு. முகத்தைக் காட்டுவது கமராவுக்கு எளிது. வரலாற்றைக் காட்டுவது அரிது. அவ்வரலாற்றைக் காட்ட முயன்ற படங்களும், அதை மறைக்க எடுக்கப்பட்ட படங்களும், நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்டும் அதை மறைத்துவிட்ட படங்களும் ஆபிரிக்க விவரணப் பட வரலாற்றிற் கலந்து கிடக்கின்றன. அவற்றுட் சிலவற்றை இங்கு வரிசைப்படுத்தி நோக்குவோம். படம் எடுத்தவர் யார், அதற்குப் பணம் கொடுத்தவர் யார், கண்டவர் யார், தடுத்தவர் யார் என்பவற்றை ஒருங்கே நோக்குமிடத்து, பசியின் வரலாறு ஓரளவு தெளிவாகும்.

விவரணப் படம் என்ற கலைவடிவம் பிரித்தானியாவில் வளர்ந்த கதையிலிருந்தே தொடங்கலாம். 1930களில் ஜோன் கிரியர்சனும் அவருடைய தோழர்களும் அதனை வளர்த்தபோது, அவர்களுக்குப் பணம் கொடுத்தவை அரசாங்கத் திணைக்களங்களும் வணிகச் சபைகளுமே. நமது நாட்டைப் பற்றி பசில் ரைட் எடுத்து 1934இல் வெளிவந்த ‘இலங்கையின் கீதம்’ என்ற படம், தேயிலைப் பிரசாரச் சபையின் ஆதரவில் உருவானது. அதன் அழகை எவரும் மறுப்பதற்கில்லை. வணிகத்தின் குரல்களைக் குத்தலாக ஒலிக்கச் செய்த பகுதியும் அதில் உண்டு. ஆயினும் கொழுந்து பறிப்பவளின் நாட்கூலி எவ்வளவு என்ற கணக்கை அப்படத்திற் காண முடியாது. தேயிலை விற்பவன் பணங் கொடுத்து எடுப்பித்த படத்தில் அக்கணக்கு இடம்பெறும் என எதிர்பார்ப்பதும் பேதைமையே. இதே மரபுதான் ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளுக்குஞ் சென்றது.

இரண்டாம் உலக யுத்தம் மூண்ட 1939இல் பிரித்தானியத் தகவல் அமைச்சின் கீழ் குடியேற்ற நாட்டுத் திரைப்படப் பிரிவு என்ற ஓர் அமைப்பு நிறுவப்பட்டது. அதன் தலைவர் வில்லியம் செலர்ஸ், நைஜீரியாவிற் சுகாதாரப் பகுதியிற் பணிபுரிந்து, நோய்த் தடுப்புப் பற்றிய படங்களை எடுத்து அனுபவம் பெற்றவர். ஆபிரிக்கக் கிராமவாசிக்குப் படங்களின் மொழி விளங்காது, ஆகவே காட்சிகள் மெதுவாக நகர வேண்டும், ஒரு காட்சியிலிருந்து மறுகாட்சிக்குத் தாவுதல் ஆகாது, உத்திகள் எவையும் வேண்டா என்பது அவர் வகுத்த கொள்கை. வளர்ந்த மனிதனைக் குழந்தையாகக் கருதும் இக்கொள்கை கலைக் கொள்கை அன்று, ஆட்சிக் கொள்கையே. தன்னைத்தான் ஆளும் தகுதி இவனுக்கு இன்னும் வரவில்லை என்று அரசியலில் உரைத்தவர்கள், தன்னைத்தான் பார்க்குந் தகுதியும் இவனுக்கு வரவில்லை என்று சினிமாவில் உரைத்தனர்.

பிரித்தானிய அரசாங்கத்தின் படங்களுட் பெரும்புகழ் பெற்றது, கிரௌன் திரைப்படப் பிரிவுக்காக டெரி பிஷப் எடுத்த ‘உடியில் விடிவு’. கிழக்கு நைஜீரியாவின் உடிப் பிரதேசத்தைச் சேர்ந்த கிராம மக்கள், மாவட்ட அதிகாரியின் ஊக்குவிப்பால், பழைமைவாதிகளின் எதிர்ப்பையும் மீறித் தமக்கென ஒரு பிரசவ விடுதியைக் கட்டி முடிப்பதே கதை. இப்படம் 1949ஆம் ஆண்டின் சிறந்த விவரணப் படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. மண்ணைக் குழைத்துச் சுவரெழுப்பும் அம்மக்களின் உழைப்பும் ஒற்றுமையும் உண்மையானவை. அவர்களுக்குப் பிரசவ விடுதி வேண்டியிருந்ததும் உண்மையே.

ஆனால், அதே 1949ஆம் ஆண்டு நவம்பர் 18ஆந் திகதி, அதே உடிக் குன்றுகளின் சரிவில், எனுகு நகருக்கு அண்மையிலுள்ள ஐவா பள்ளத்தாக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேறொன்று நிகழ்ந்தது. கூலிப் பாக்கி கேட்டு வேலையை மந்தப்படுத்திய சுரங்கத் தொழிலாளர்மீது பொலீசார் துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தனர். இருபத்தொரு தொழிலாளர் மாண்டனர். நைஜீரிய விடுதலை இயக்கத்தின் வரலாற்றில் அந்நாள் ஒரு திருப்புமுனை. படம் அச்சம்பவத்துக்கு முன்னரே எடுக்கப்பட்டது. ஆதலால் அதைக் காட்டவில்லை என்று படத்தைக் குறைகூறுவது நியாயமாகாது. நாம் சுட்டுவது வேறு. உடியின் மக்கள் ஒன்றுகூடி மண்வெட்டி எடுத்தபோது அவர்களைப் படம் பிடிக்கக் கமரா இருந்தது. அதே மக்கள் ஒன்றுகூடிக் கூலி கேட்டபோது அங்கு துப்பாக்கி மட்டுமே இருந்தது. ஊர் மக்கள் தம் செலவிலும் தம் உழைப்பிலும் விடுதி கட்ட நேர்ந்தது ஏன், குன்றைக் குடைந்து எடுத்த நிலக்கரியின் வருவாய் எங்கே சென்றது என்ற கேள்விகளை ஐவா பள்ளத்தாக்கின் பிணங்கள் எழுப்பின. விருது பெற்ற படம் எழுப்பவில்லை.

பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் நிலைமை இன்னும் வெளிப்படையாக இருந்தது. 1934இல் குடியேற்ற நாட்டமைச்சர் பியேர் லவால் பிறப்பித்த ஆணையின்படி, அந்நாடுகளிற் படம் எடுக்க விரும்புவோர் முன்கூட்டியே அரசாங்க அனுமதி பெறல் வேண்டும். படத்தின் உள்ளடக்கத்தையும், அதில் ஈடுபடுவோரையும் கட்டுப்படுத்துவதே இதன் நோக்கம். இவ்வாணை நடைமுறையிலிருந்த காலத்தில், 1949இல், ரெனே வோத்தியே என்ற இருபத்தொரு வயது இளைஞர் மேற்கு ஆபிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். கிராம மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதைப் பிரெஞ்சுப் பாடசாலை மாணவருக்குக் காட்டும் கல்விப் படமொன்றை எடுப்பதே அவருக்கிட்ட பணி. பணித்தது பிரான்சின் கல்விக் கழகங்களின் சம்மேளனம் ஒன்று. வோத்தியே பதின்பருவத்திலேயே நாசி ஆக்கிரமிப்புக்கு எதிரான இயக்கத்திற் சேர்ந்து போராடியவர். ஆக்கிரமிப்பு எப்படியிருக்கும் என்பதை அறிந்த கண்கள் அவருக்கிருந்தன.

ஆகவே ஆற்றங்கரையில் நீராடும் சிறுவரையும் நெசவு செய்யும் முதியோரையும் படமெடுத்ததோடு அவர் அமையவில்லை. வரி செலுத்தத் தவறியதற்காகப் படையினரால் தாக்கப்பட்ட ஊரொன்றின் சுவர்களிற் குண்டுகள் துளைத்த அடையாளங்களைப் படமெடுத்தார். அணைக்கட்டின் கதவுகளை இயந்திரத்தாலன்றி மனிதக் கைகளால் இயக்குவதைப் படமெடுத்தார். இயந்திரத்தை ஓட்டும் செலவிலும் ஆபிரிக்கனின் கூலி குறைவாயிருந்ததே அதற்குக் காரணம். பள்ளிக்கூடமும் வைத்தியரும் எட்டாத கிராமங்களைக் காட்டிய கையோடு, அக்கிராமங்களின் விளைபொருளை வாங்கும் பெருவணிகக் கம்பனிகளின் பெயர்களையும் அவற்றின் இலாபத்தையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார். வறுமையைக் காட்டிய படங்கள் அதற்கு முன்பும் இருந்தன. வறுமைக்கு விலாசம் எழுதிய படம் என்ற வகையில் ‘ஆபிரிக்கா 50’ தனியிடம் பெறுகின்றது.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. எடுத்த சுருள்களிற் பெரும்பகுதி பறிமுதலாயிற்று. மீட்ட சிறுபகுதியைக் கொண்டே பதினேழு நிமிடப் படமொன்றை அவர் தொகுத்தார். லவால் ஆணையை மீறிய குற்றத்துக்காகச் சிறை சென்றார். பிரான்சில் அப்படம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தடைசெய்யப்பட்டிருந்தது. தொழிற்சங்கங்களும் இளைஞர் கழகங்களும் திரைப்படச் சங்கங்களும் மறைவாகவே அதனைக் காட்டிவந்தன. மாணவருக்கான பாடமொன்றைத் தயாரிக்கச் சென்றவர் உண்மையைப் பாடமாக்கியதால் சிறைக்குச் சென்ற இக்கதையை, ஆசிரியத் தொழில் புரியும் நம்மவர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பாடப்புத்தகம் எந்த இடத்தில் முடிகின்றது, உண்மை எந்த இடத்தில் தொடங்குகின்றது என்பதை அவர் தம் வாழ்வாற் காட்டினார். 2015இல் காலமாகும்வரை அவர் கமராவைக் கீழே வைக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர் ஒருவருக்கே இக்கதியென்றால் ஆபிரிக்கரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. போலின் சுமானு வியேரா பாரிசின் உயர் திரைப்படக் கல்லூரியிற் பயின்று தேறிய முதல் ஆபிரிக்கர். அவரும் அவருடைய நண்பர்களுந் தம் தாயகத்திற் படமெடுக்க அனுமதி பெற முடியாமையால், பாரிசில் வாழும் ஆபிரிக்க மாணவரைப் பற்றி 1955இல் ‘சேன் நதிக்கரை ஆபிரிக்கா’ என்ற படத்தை எடுத்தனர். ஆபிரிக்கர் எடுத்த முதற்படங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் அது, ஆபிரிக்க மண்ணில் எடுக்கப்படவில்லை. தன் வீட்டைத் தான் படமெடுக்க அயலானிடம் அனுமதி கேட்டு நின்ற காலம் அது.

அனுமதி கேட்காமலே எடுத்த படமும் உண்டு. தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி உச்சத்திலிருந்தபோது, நாடுகடந்து வாழ்ந்த நானா மஹோமோ என்பவரின் முயற்சியால் இரகசியமாக எடுக்கப்பட்டு, வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்ட ‘டிம்பாசாவின் கடைசிப் புதைகுழி’ 1974இல் வெளிவந்தது. நகரங்களுக்கும் பண்ணைகளுக்கும் தேவைப்படாத கறுப்பின மக்கள், பெரும்பாலும் முதியோரும் பெண்களும் குழந்தைகளும், சிஸ்கைப் பகுதியின் வரண்ட நிலத்தில் டிம்பாசா போன்ற இடங்களிற் கொண்டுபோய்க் குடியேற்றப்பட்டனர். அங்கு இறக்கப்போகும் குழந்தைகளுக்காக முன்கூட்டியே வெட்டி வைத்த குழிகளைக் கமரா காட்டுகின்றது. கறுப்பினத் தாய் ஒருத்தி வெள்ளையர் வீட்டில் அவர்களுடைய குழந்தையைச் சீராட்டுவதும், அவள் பெற்ற குழந்தை தொலைவிலுள்ள ஒதுக்கிடத்தில் ஊட்டமின்றி வாடுவதும் ஒரே படத்தில் அடுத்தடுத்து வருகின்றன. தென்னாபிரிக்கா பஞ்ச நாடு அன்று. பொன்னும் வைரமும் விளைந்த நாடு. உணவை ஏற்றுமதி செய்த நாடு. அங்கே குழந்தைகள் ஊட்டமின்றி மாண்டதற்கு மழையைக் காரணங் காட்ட எவராலும் முடியாது. பசி என்பது சட்டம் போட்டு உண்டாக்கத்தக்க ஒன்று என்பதை அப்படம் ஐயத்துக்கிடமின்றி நிறுவியது.

மழை பொய்த்த இடத்திலும் காரணம் மழை மட்டுந்தானா? இவ்வினாவோடு எதியோப்பியாவுக்கு வருவோம். 1972, 1973ஆம் ஆண்டுகளில் வொல்லோ மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. மன்னர் ஹைலே செலாசியின் அரசாங்கம் அதனை உலகுக்கு மறைத்தது. மறைப்பை முதலில் உடைக்க முயன்றவர்கள் அயல்நாட்டார் அல்லர். அடிஸ் அபாபா பல்கலைக்கழக ஆசிரியர் சிலர் வொல்லோவுக்குச் சென்று, தாம் எடுத்துவந்த புகைப்படங்களை 1973 ஏப்பிரலில் பல்கலைக்கழகத்திற் காட்சிக்கு வைத்தனர். மாணவர் கிளர்ந்தெழுந்தனர். அதன் பின்னரே, அவ்வாண்டு ஒக்டோபரில், ஜொனதன் டிம்பிள்பியின் ‘அறியப்படாத பஞ்சம்’ பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி உலகை உலுக்கியது. அயல்நாட்டுக் கமராவின் புகழ் நிலைத்தது. உள்நாட்டு ஆசிரியரின் புகைப்படங்கள் வரலாற்றின் அடிக்குறிப்பாகின. இவ்வரிசையை நாம் மறத்தலாகாது.

வொல்லோப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், 1981இல் வெளிவந்த தமது நூலில் ஒரு முக்கியமான உண்மையை எடுத்துக்காட்டினார். 1973இல் எதியோப்பியாவின் மொத்த உணவு உற்பத்தி பெருமளவு வீழ்ந்துவிடவில்லை. வொல்லோவின் சந்தைகளில் தானிய விலையும் வானளாவ உயர்ந்துவிடவில்லை. அம்மாகாணத்திலிருந்து தானியம் வெளியே சென்றதும் உண்டு. காரணம் எளியது: விளைச்சல் அழிந்த உழவனிடம் உண்பதற்குத் தானியமும் இல்லை, வாங்குவதற்குப் பணமும் இல்லை. வாங்குவோர் இல்லாத சந்தையில் விலை எவ்வாறு உயரும்? வாங்க வல்லவன் இருந்த நகரை நோக்கித் தானியம் சென்றது. கால்நடை மேய்க்கும் அபார் மக்களின் கதை இன்னுங் கொடியது. கோடையில் அவர்கள் நம்பியிருந்த அவாஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேய்ச்சல் நிலங்களை, வணிக நோக்கில் எழுந்த பருத்தித் தோட்டங்களும் கரும்புத் தோட்டங்களும் முன்னரே விழுங்கிவிட்டன. வரட்சி வந்தபோது ஒதுங்குவதற்கு அவர்களுக்குப் புல்வெளி இருக்கவில்லை. வானம் செய்த குற்றத்திலும் மனிதர் செய்த குற்றம் பெரிதென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

டிம்பிள்பியின் படத்துக்கு இன்னொரு வாழ்வும் நேர்ந்தது. 1974 பெப்ருவரியில் ஆசிரியர்களும் வாடகைக்கார்ச் சாரதிகளும் தொடங்கிய வேலைநிறுத்தங்கள் பெருகி, படையினரும் எழுந்தனர். டேர்க் என்ற இராணுவக் குழு அதிகாரத்தைச் சிறிது சிறிதாகக் கைப்பற்றியது. செப்டெம்பர் 11ஆந் திகதி இரவு அக்குழு இப்படத்தைத் தொலைக்காட்சியில் மக்களுக்குக் காட்டியது. பட்டினிக் காட்சிகளுக்கிடையில் அரண்மனை விருந்துகளும், மன்னரின் நாய்களுக்கு உணவூட்டும் காட்சிகளும் சேர்க்கப்பட்டிருந்தன. மறுநாள் காலை மன்னர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். விவரணப் படமொன்று அரியணையைக் கவிழ்க்கத் துணைநின்ற நிகழ்ச்சி இது. அப்பொழுது மகிழ்ந்தவர்கள் பலர். மகிழ்ந்ததில் நியாயமும் உண்டு.

ஆனால் வரலாறு அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1984 செப்டெம்பரில், அதே டேர்க் தனது பத்தாவது ஆண்டு நிறைவைத் தலைநகரிற் பெரும் ஆடம்பரத்தோடு கொண்டாடிற்று. அவ்வேளையில் திக்ரேயிலும் வொல்லோவிலும் எரித்திரியாவிலும் முன்னையதிலும் பெரிய பஞ்சம் பரவியிருந்தது. விழா முடியும்வரை பத்திரிகையாளர் வடக்கே செல்லத் தடுக்கப்பட்டனர். மன்னர் மறைத்த பஞ்சத்தைக் காட்டி ஆட்சிக்கு வந்தவர்கள், தம் ஆட்சியின் பஞ்சத்தைத் தாமே மறைத்தனர்.

அவ்வாண்டு ஒக்டோபர் 23ஆந் திகதி, கோரெம் சமவெளியிலிருந்து மைக்கல் பேர்க் அனுப்பிய அறிக்கையை பி.பி.சி. ஒளிபரப்பியது. விடியற்காலைப் பனியிற் குளிரால் நடுங்கிக் கூடியிருந்த பல்லாயிரவரை அதில் உலகங் கண்டது. கமராவை இயக்கியவர் கென்யாவிற் பிறந்த முகமது அமீன். இச்செய்திப்படம் நாடு நாடாக ஒளிபரப்பானது. பாடகர்கள் கூடினர், 1985 ஜூலை 13ஆந் திகதி இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் மாபெரும் இசைவிழா நடைபெற்றது, பெருநிதி திரண்டது. அந்நிதியால் உயிர் தப்பியோர் பலர். ஒரு பிடி தானியத்தையும் நாம் இழிவாகப் பேசுதல் தகாது.

அப்படங்களில் இல்லாதது யாது? யுத்தம். பஞ்சம் மிகக் கொடிதாயிருந்த பகுதிகள், அரசாங்கப் படைகளும் கிளர்ச்சிப் படைகளும் பொருதிய பகுதிகளே. கிளர்ச்சியாளரை ஒடுக்கும் பொருட்டு அரசாங்கப் படைகள் பயிர்களை அழித்தன. சந்தைகளைக் குண்டு வீசித் தாக்கின. தானிய வணிகத்தைத் தடைசெய்தன. பஞ்ச நிவாரணம் என்ற பெயரில் ஏறத்தாழ ஆறு இலட்சம் மக்கள் தென்மேற்குப் பகுதிகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். அவர்களுட் பலர் வலுக்கட்டாயமாகக் கொண்டுசெல்லப்பட்டவர். வழியிலும் புதிய இடத்திலும் பல்லாயிரவர் மடிந்தனர். அப்பஞ்சத்தில் இறந்தோர் தொகையை நான்கு இலட்சத்திலிருந்து பத்து இலட்சம் வரை பலவாறு மதிப்பிடுகின்றனர். உலகத்துத் தொலைக்காட்சிகளிற் பெரும்பாலும் இடம்பெற்றது வரட்சி மட்டுமே. அமீனின் கமரா ஆபிரிக்கன் ஒருவனின் கையில்தான் இருந்தது. ஆனால் அச்சுருள்களைத் தொகுத்து, அவற்றுக்குச் சொற் சேர்த்து, பொருள் வகுத்த இடம் இலண்டன். கமராவைப் பிடிக்கும் கை எவருடையது என்பது முக்கியமே. கதையை முடிக்கும் அதிகாரம் எவருடையது என்பது அதனிலும் முக்கியமானது.

இவ்விடத்தில் முற்போக்காளராகிய நாம் நமக்கே ஓர் உண்மையைச் சொல்லிக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். டேர்க் தன்னை மார்க்சிய ஆட்சி என்றே அழைத்துக்கொண்டது. செங்கொடி பறந்த இடத்தில் பசி இராது என்று கருதி, ஏகாதிபத்தியத்தின் பொய்ப்பிரசாரம் இது என ஒதுக்கிவிடுவது எளிது. மன்னரின் விருந்தைக் கண்டு கொதித்த நெஞ்சம், படையதிகாரிகளின் விழாவைக் கண்டும் கொதிக்க வேண்டும். சுரண்டப்படும் மக்களின் பக்கம் நிற்றல் என்பதற்கு, அவர்களின் பெயரால் ஆள்பவர் எவராயினும் அவரைக் கணக்குக் கேட்டல் என்பதே பொருள். கணக்குக் கேளாத முற்போக்கு, பெயரளவில் மட்டுமே முற்போக்கு.

காரணங் காட்டாத படம், கொடுப்பவனின் கருணையை வளர்க்கிறது. காரணங் காட்டிய படங்களும் பெரும்பாலும் அயலவர் குரலிலேயே பேசின. பசியோடு வாழும் மக்கள் தம் நிலையைத் தாமே ஆராய்ந்துரைக்கும் படத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, செனகல் நாட்டுப் பெண்மணி சாபி பாயே 1975இல் எடுத்த ‘உழவனின் குரல்’. பாயே ஆசிரியையாகப் பணிபுரிந்தவர், பின்னர் பாரிசில் மானிடவியலும் திரைப்படமுங் கற்றவர், 2023இல் காலமானவர். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்க நாடுகளில், திரையரங்குகளுக்குச் சென்ற முழுநீளப் படத்தை இயக்கிய முதற் பெண்மணி அவரே.

கதை மிக எளிது. ங்கோர் என்ற இளைஞனுக்கும் கும்பா என்ற பெண்ணுக்கும் திருமணம் நிச்சயமாகியுள்ளது. பரிசப்பணம் கொடுக்க அவனிடம் பொருள் இல்லை. மழை பொய்த்து நிலக்கடலை விளையவில்லை. அவன் வேலை தேடி டக்கார் நகருக்குச் செல்கிறான். அங்கு பலர் கையிலும் ஏமாந்து, வெறுங்கையோடு ஊர் திரும்புகிறான். நடித்தவர் அவ்வூர் மக்களே. ஊர்மரத்தின் நிழலில் அமர்ந்து அவர்கள் பேசும் பேச்சே படத்தின் உயிர். கடனைப் பற்றிப் பேசுகின்றனர். வரியைப் பற்றிப் பேசுகின்றனர். கச்சானுக்குக் கிடைக்கும் விலையைப் பற்றிப் பேசுகின்றனர். பிரெஞ்சு எண்ணெய் ஆலைகளின் தேவைக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டின் வயல்களிற் பரப்பப்பட்ட பயிர் நிலக்கடலை. தினையும் சோளமும் விளைந்த நிலங்களை அது ஆக்கிரமித்தது. உண்ணும் அரிசி கப்பலில் வந்தது. விடுதலை பெற்ற பின்னரும் அரசாங்கம் அப்பயிரையே நம்பியிருந்தது. ஒற்றைப் பயிரை நம்பி வாழும் நாட்டின் விதி எப்படியிருக்கும் என்பதை, தேயிலையையும் றப்பரையும் தெங்கையும் ஏற்றுமதி செய்து அரிசி இறக்குமதி செய்து வாழ்ந்த நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இப்படம் ஒரு கடிதத்தின் வடிவில் அமைந்துள்ளது. கிராமத்திலிருந்து எழுதும் மகள் ஒருத்தியாகப் பாயேயின் குரல் ஒலிக்கிறது. காட்சிகளில் அவசரம் இல்லை. உழுதலும் விதைத்தலும் நீர் இறைத்தலும் தமக்குரிய நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. ஆபிரிக்கன் வேகமான படத்தை விளங்கிக்கொள்ள மாட்டான் என்று செலர்ஸ் மெதுவைப் பரிந்துரைத்தார். உழைப்புக்குரிய நேரத்தைப் பார்ப்பவனும் உணர வேண்டும் என்று பாயே மெதுவைத் தேர்ந்தார். உத்தி ஒன்றே, நோக்கு நேர்மாறு. ஐரோப்பாவிற் பரிசுகள் பெற்ற இப்படம் செனகலிற் தடைசெய்யப்பட்டது. குடியேற்ற ஆட்சி வோத்தியேயின் படத்தைத் தடுத்தது. சுதந்திர ஆட்சி பாயேயின் படத்தைத் தடுத்தது. கச்சானின் விலையை உழவன் வாய்விட்டுப் பேசுவதை இரு ஆட்சிகளும் விரும்பவில்லை.

1983இல் பாயே எடுத்த ‘செல்பே’ என்ற குறும்படத்தையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். கணவன் பிழைப்புத் தேடி நகருக்குச் சென்றுவிட, பிள்ளைகளைப் பேணுவதும், சமைப்பதும், சிறு விற்பனை செய்து காசு தேடுவதும் செல்பே என்ற ஒரு பெண்ணின் தலைமேல் விழுகின்றன. அவள் அழுவதாகப் பாயே காட்டவில்லை. வேலை செய்வதாகக் காட்டுகிறார். அவள் பேசுகிறாள், பாயே கேட்கிறார். பசியால் வாடுவோர் என்று உலகங் காட்டிய மக்கள், பசியை நாள்தோறும் தள்ளிவைக்கும் உழைப்பாளராக இங்கே நம்முன் நிற்கின்றனர். அதே நாட்டவரான சம்பா பெலிக்ஸ் ந்டியாயே 1989இல் எடுத்த ‘குப்பையின் செல்வங்கள்’ என்ற ஐந்து குறும்படங்களும் இந்நோக்கையே வளர்க்கின்றன. டக்கார் நகரின் கைவினைஞர் பழந்தகரத்தையும் கழிவு உலோகத்தையுங் கொண்டு பெட்டிகளும் பாத்திரங்களும் செய்யும் முறையை அவை பொறுமையாகக் காட்டுகின்றன. நகரத்தின் கழிவு எனத் தள்ளப்பட்டவற்றுள் ஒரு தொழிலும், அத்தொழிலுக்குள் ஓர் அறிவும் இருப்பதை அங்கே காண்கிறோம்.

வாழ்ந்து தப்பும் திறமையைப் போற்றுவதிலும் ஓர் அபாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். எவ்வளவு துன்பத்திலும் இவர்கள் சிரிக்கிறார்கள், எதையும் தாங்குவார்கள் என்ற புகழ்ச்சி, தாங்கவைத்தவனைத் தப்பவிடும். ஹூபேர்ட் சௌப்பர் 2004இல் வெளியிட்ட ‘டார்வினின் கொடுங்கனவு’ இந்த அபாயத்துக்கு எதிர்முனையில் நின்றது. விக்ரோறியா ஏரியில் 1950களிலிருந்து விடப்பட்ட நைல் பேர்ச் மீன், ஏரியின் பழைய மீனினங்களை அழித்துப் பெருகியது. தன்சானியாவின் முவான்சா நகரில் அம்மீனின் சதை வெட்டப்பட்டு விமானத்தில் ஐரோப்பாவுக்குப் போகிறது. தலையும் முள்ளும் உள்ளூர் ஏழைகளுக்கு எஞ்சுகின்றன. படம் உலகப்புகழ் பெற்றது. தன்சானிய அரசாங்கமோ, நாட்டின் பெயருக்கு இழுக்கு என்று சினந்தது. மீன் தொழிலால் வாழ்வோரைப் படம் காட்டவில்லை என்று ஆராய்ச்சியாளர் சிலருங் குறைகூறினர். இருசாரார் வாதத்திலும் கேட்கத்தக்கவை உள. காரணத்தைத் தேடும் கமராவும் தன் வாதத்துக்கேற்ற காட்சிகளை மட்டும் தெரிந்தெடுக்கக்கூடும் என்பதை இவ்விவாதத்திலிருந்து நாம் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் ‘நாட்டின் பெயர்’ என்ற கேடயத்தை உயர்த்தும் அரசாங்கத்தைக் கண்டதும் வொல்லோ நினைவுக்கு வருதல் வேண்டும்.

இவ்வரலாற்றிலிருந்து ஆசிரியரும் மாணவரும் கைக்கொள்ளத்தக்க முறை ஒன்றுண்டு. துன்பத்தைக் காட்டும் படமொன்றைக் கண்டால் ஐந்து கேள்விகளைக் கேட்போம். இவர்களுடைய ஊரின் பெயர் என்ன? இவர்கள் விளைத்தது எது, அதை வாங்கியவர் யார்? இவர்கள் நிலத்தின்மேல் அதிகாரம் எவருடையது? இப்படத்தில் இவர்கள் தம் வாயால் என்ன சொல்கிறார்கள்? இப்படத்தைக் காட்ட விரும்பாதவர் யார்? இக்கேள்விகளை ஆபிரிக்காவைப் பற்றி மட்டும் கேட்டு நின்றுவிடவும் வேண்டியதில்லை. ஆபிரிக்கக் குழந்தையின் படத்தைக் கண்டு இரங்கும் உள்ளம், நம் நாட்டுத் தோட்டத்து லயத்திலும் மீனவர் குடிசையிலும் வாழும் குழந்தைக்கு முன்னால் இக்கேள்விகளை மறந்துவிடுமாயின், அவ்விரக்கம் தொலைவிலுள்ளோர்க்கு மட்டும் உரிய மலிவான இரக்கமாகும்.

1973இல் அடிஸ் அபாபாவின் ஆசிரியர் சிலர் செய்தது பெரிய காரியமன்று என்று தோன்றலாம். வொல்லோவுக்குப் போனார்கள், கண்டதைப் படமெடுத்தார்கள், தம் மாணவர் பார்க்கும்படி வைத்தார்கள். ஆனால் மன்னராட்சியின் மௌனத்தில் முதற் கீறல் விழுந்தது அங்கேதான். கண்டதை மறைக்காமலும், காரணத்தை விழுங்காமலும் தம் மாணவர் முன் வைப்பதற்கு ஒரு தேசத்தின் ஆசிரியர்கள் துணிவார்களாயின், பசியின் வரலாற்றை எழுதும் பொறுப்பு அயலவர் கையில் நெடுநாள் தங்காது.